கீழ் அம்பு எட்டாத வரி

சரோஜினியின் மூக்குத்தி கிணற்றில் விழுந்து ஒன்பது வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாதத்துப் புதன்கிழமை காலையில், அர்த்தநாரி ஸ்பேர் பார்ட்ஸ் குடோனில், பதினேழாவது ரேக்கில், இரண்டாம் தட்டில், கிளட்ச் பிளேட்டுகளுக்கும் பேரிங் டப்பாக்களுக்கும் நடுவில் கிடைத்தது. அது அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அப்படிக் கேட்கிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். சங்ககிரியில் அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை, அடுத்தது யாருடைய முறை என்றுதான் கேட்டார்கள்.

நான் அந்தக் கடைக்கு முப்பது வருஷமாக டீ கொடுக்கிறவன், பெயர் மாரப்பன். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை என்றாலும் காது நன்றாகக் கேட்கும். கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே யார் வேலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தகரத்தில் கம்பு கொட்டுகிற மாதிரி விடாமல் சத்தம் வந்தால் வசந்தாமணி கீபோர்டில் இருக்கிறாள். ஒரு வெட்டு, ஒரு நிறுத்தம், இன்னொரு வெட்டு என்று பாக்கு வெட்டுகிற மாதிரி வந்தால் சென்னியப்பன் மவுஸைப் பிடித்திருக்கிறார். ஒரே கம்ப்யூட்டர், ஒரே திரை, அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி. லாரிக்காரன் வந்து சாமான் பெயரைச் சொன்னால் யார் கை சும்மா இருக்கிறதோ அவர் தேடிச் சீட்டு எடுத்துக் கொடுப்பார்.

வசந்தாமணிக்கு நாற்பத்தாறு வயசு, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினவள். கண் நடுவிலிருந்து கெட்டுக்கொண்டே வந்துவிட்டது. நேராகப் பார்த்தால் ஆள் இருக்காது, ஓரமாகப் பார்த்தால் சட்டையின் நிறம் மட்டும் தெரியும். விரல்களுக்குக் கண் வேண்டாம் என்பதால் வேலை நடந்தது. சென்னியப்பன் அதற்கு நேர் எதிர். எழுத்து தெரியாது, பிரஸ் மெஷினில் மூன்று விரலை விட்டவர், ஆனால் ஒரு சாமானைப் பார்த்த மாத்திரத்தில் எந்த வண்டிக்கு எந்த வருஷத்து மாடல் என்று சொல்லிவிடுவார். மிச்சமிருக்கிற இரண்டு விரலுக்கும் மவுஸ்தான் தோதுப்பட்டது.

முன்னால் இருந்த சாப்ட்வேர் இரண்டு பேரையும் பாடாய்ப் படுத்தியது. தேடுவதற்கு முதலில் மூலையில் ஒரு பொட்டு மாதிரி இருப்பதை மவுஸால் தட்ட வேண்டும், அப்புறம் கீபோர்டுக்குப் போய்ப் பெயரை முழுசாக அடிக்க வேண்டும், ஒரு எழுத்து பிசகினாலும் இல்லை என்று சொல்லிவிடும், கிடைத்ததை எடுக்க மறுபடி மவுஸுக்கு வர வேண்டும். அவளுக்குப் பொட்டு தெரியாது, இவருக்கு எழுத்து தெரியாது. ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தருக்கு ஒரு நட்டுகூடக் கிடைக்காது என்று வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷம் அப்படியே ஒருத்தர் கையாக இன்னொருத்தர் இருந்து ஓட்டினார்கள், சண்டையும் போட்டார்கள்.

அதை மாற்றினது மோகனப்பிரியா. சேலத்துப் பெண், சாப்ட்வேர் எழுதுகிறவள், முதலாளி அர்த்தநாரிக்குத் தூரத்துச் சொந்தம். வந்ததும் எதையும் எழுதவில்லை. மூன்று மாசம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் கையையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். கை எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது, எதற்குத் திரும்பி வருகிறது என்று நோட்டில் கோடு கோடாகப் போட்டாள். அப்புறம் அவள் திரையில் செய்து வைத்த தேடல் பெட்டி, திறந்ததுமே எழுதத் தயாராக நின்றது. இரண்டு எழுத்து அடித்தால் போதும், பிசகாக அடித்தாலும் போதும், கிடைத்ததெல்லாம் கீழே வரிசையாக இறங்கும். வசந்தாமணி கீழ் அம்பைத் தட்டினால் ஒவ்வொரு வரியாகப் போகும், போகிற வரியைப் பெட்டி வாய்விட்டுப் படிக்கும், என்டரைத் தட்டினால் சீட்டு வரும். சென்னியப்பனுக்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம், மவுஸை வைத்தால் வரி நிறம் மாறும், தட்டினால் அதே சீட்டு. அம்பு ஒரு வரியில் நின்றால் மவுஸுக்கும் அதே வரிதான் நிறம் மாறி நிற்கும். அம்பு போய் நின்றால் 'டிங்' என்று ஒரு சத்தம், போக இடமில்லை என்றால் 'டொக்' என்று ஒரு சத்தம். டீ டம்ளரை வைக்கும்போது எனக்கே தெரியும், இது கிடைத்த சத்தம், இது கிடைக்காத சத்தம் என்று.

"மவுஸ் காட்டறது எல்லாத்தையும் கீபோர்டு சொல்லும் அக்கா. உங்களுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணுன்னு எதுவும் இருக்காது," என்றாள் மோகனப்பிரியா, கிளம்புகிற அன்றைக்கு.

"அப்படின்னா இனிமே இந்தப் பெரிய மனுசனைக் கெஞ்ச வேண்டியதில்லை," என்றாள் வசந்தாமணி.

"நீ எப்ப அம்மிணி கெஞ்சுனே, அதட்டத்தான அதட்டுனே," என்றார் சென்னியப்பன்.

கடை கூட்டுகிற சரோஜினி அந்தப் புதன்கிழமை கூட்டிக்கொண்டே, "எல்லாத்தையும் கண்டுபுடிக்குதாமே, என்ற மூக்குத்தியைக் கண்டுபுடிக்கச் சொல்லு பாக்கலாம்," என்றாள். வசந்தாமணி சிரித்துக்கொண்டே நாலு எழுத்தை அடித்தாள். டிங். 'சரோஜினி மூக்குத்தி, ஒற்றைக்கல், ரேக் பதினேழு, தட்டு இரண்டு' என்று பெட்டி, ஆக்சில் போல்ட்டைச் சொல்கிற அதே குரலில் சொன்னது. சென்னியப்பன் குடோனுக்கு ஓடினார். மூக்குத்தி இருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. நாலு லோடுமேன்கள் கடப்பாரை போட்டு நெம்பியும் அந்தக் குந்துமணி அளவு சாமான் அசையவில்லை. இங்கே வசந்தாமணி என்டரைத் தட்டிச் சீட்டு வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு சரோஜினி போனபோது, பொட்டை எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் எடுத்தாள். தொலைத்தது யாரோ அவர்கள் பெயரில் சீட்டு வந்தால்தான் சாமான் இடத்தை விட்டு எழும்பும். அது குடோனின் சட்டம், எங்களுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

இன்னொன்றும் புரிந்தது. சென்னியப்பன் தேடினால் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைத்தது, முதலாளி தேடினாலும் ஸ்பேர் பார்ட்ஸ்தான். தொலைந்தது கிடைக்க வேண்டும் என்றால் வசந்தாமணியின் விரல் பட வேண்டும்.

ஒரு மாசத்துக்குள் ஊர் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தொலைந்ததற்கு, மற்ற நேரம் லாரிக்கு என்று அர்த்தநாரி எழுதி மாட்டினார். டோக்கன் கொடுத்தோம், பந்தல் போட்டோம். டவுன் பஸ் கண்டக்டர் அந்த இடத்தை மூக்குத்திக் கடை ஸ்டாப் என்று கூப்பிட ஆரம்பித்தார். விற்றுவிட்ட காட்டின் மண் வாசனை ஒருத்தருக்குக் கிரீஸ் டப்பாவில் கிடைத்தது. தொண்டை ஆபரேஷனில் குரல் போன ஒரு வாத்தியாருக்குப் பழைய குரல் ரேடியேட்டர் குழாயில் கிடைத்தது, அவர் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார். கூட்டத்தை ஒழுங்கு பண்ண வந்த போலீஸ்காரர் வரிசையில் நின்று, சின்ன வயசில் தொலைத்த பம்பரத்தை வாங்கிக்கொண்டு போனார். பொய் சொல்லித் தேடினவர்களுக்கு டொக் என்றது. பக்கத்து வீட்டுக்காரன் கோழியைத் தன்னுடையது என்று தேடவந்த ஒருத்தனுக்கு மூன்று தடவை டொக் என்றபோது, "உங்க கோழிக்குத்தான் தெரியும் யாருதுன்னு," என்று வசந்தாமணி சொன்னதை ஊரே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது.

எனக்கும் ஒன்று இருந்தது. என் அப்பன் முகம். அவரைப் படம் எடுத்து வைக்க எங்களுக்கு வக்கில்லை, வரவர முகம் மறந்துகொண்டே போனது. வைகாசியில் என் முறை வந்து தேடினபோது ஒன்பதாவது ரேக்கில் ஒரு லாரிக் கண்ணாடியில் அது கிடைத்தது. டிரைவர் பின்னால் பார்ப்பதற்கு ஓரத்தில் வைக்கிற கண்ணாடி. இன்றைக்கும் வீட்டில் மாட்டியிருக்கிறேன், பார்த்தால் அவர் பார்க்கிறார்.

இதையெல்லாம் முதலில் சொன்னதற்குக் காரணம், அடுத்ததைச் சொல்ல வாய் வராமல் இருப்பதுதான்.

வசந்தாமணிக்கும் தொலைந்தது ஒன்று உண்டு. அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குவாலியருக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு போனவர், அவரும் வரவில்லை, வண்டியும் வரவில்லை. அதற்கப்புறம்தான் அவள் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தாள். "அவரு வந்துட்டா அடுத்த நாளே எங்க ஊருக்குப் போயிருவேன். ஒரு நாளு இங்க இருக்க மாட்டேன்," என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நாங்கள் எல்லாரும் கேட்டிருந்தோம்.

மூக்குத்தி கிடைத்த மறுநாள், வியாழக்கிழமை காலை, கடை திறந்து விளக்குப் போட்டதும் முதல் வேலையாகக் குழந்தைவேலு என்று அடித்தாள். நான் டீயோடு நின்றிருந்தேன். 'கிடைத்தது ஒன்று' என்றது பெட்டி. அவள் கீழ் அம்பைத் தட்டினாள். டொக். மறுபடி தட்டினாள். டொக். ஒன்று கிடைத்தது என்று சொல்கிறது, ஆனால் அம்பு அதில் போய் நிற்க மாட்டேன் என்கிறது.

"என்னங்ணா இருக்குது அங்க?" என்றாள் பக்கத்து நாற்காலியைப் பார்த்து.

சென்னியப்பன் மவுஸை நகர்த்தினார். வரிசைக்கெல்லாம் அடியில், ஒரு கோட்டுக்குக் கீழே, தனியாக ஒரு வரி. ஸ்பேர் பார்ட்ஸ் எதிலும் சேராததை எல்லாம் பெட்டி அங்கேதான் தள்ளும், மூக்குத்தியையும் அதற்கப்புறம் கிடைத்த மற்றதையும் எப்படியோ சங்கிலி, டப்பா, குழாய், கண்ணாடி என்று எதனோடாவது சேர்த்து மேலே போட்டது, இது மட்டும் எதிலும் சேரவில்லை. அந்த அடிவரியில் மவுஸ் பட்டதும் படம் வந்தது. காக்கிச் சட்டை, ஒரு பக்கம் கோணின சிரிப்பு. அந்தக் காலத்தில் கடைக்குச் சாமான் வாங்க வந்துபோன குழந்தைவேலு என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"இரு அம்மிணி, குடோன்ல பாத்துட்டு வந்தர்றேன்," என்று போனார்.

நாற்பத்தொன்றாவது ரேக்கில், அடித்தட்டில், லாரி ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில் குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார். போனபோது என்ன வயசோ அதே வயசு, சட்டையில் ஜவ்வரிசி மாவு. எழுந்திருக்க முடியவில்லை. "குவாலியர் தாண்டி ஒரு வளைவுங்ணா, அதுக்கப்புறம் இங்கதான்," என்றாராம். "வசந்தா தேடுனாளா?"

சென்னியப்பன் நேராக முதலாளியிடம் போனார். முதலாளி வெளியே வந்து என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அர்த்தநாரி கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். "சொல்லித்தான் ஆகணும்," என்றார். "ஆனா அம்மிணி போயிட்டா பெட்டி போச்சு. நேத்து ஒரே நாள்ல அறுபது டோக்கன் குடுத்து வச்சிருக்குது. அறுபது பேருக்கும் என்ன சொல்றது? இந்த டோக்கன் முடியட்டும், சொல்லிரலாம்."

"அதுவும் சரிதான்," என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்று சொல்கிறேன், என் வாயிலிருந்தும் அதுதான் வந்திருக்கும்.

சென்னியப்பன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணும் இல்லம்மிணி, வெறும் கோடு," என்றார்.

அறுபது முடிந்தது, இன்னொரு அறுபது வந்தது. என் மகளோட பட்டம் கிடைக்கட்டும், என் தம்பி கையெழுத்து கிடைக்கட்டும், என் அப்பன் முகம் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிரலாம் என்று ஒவ்வொருத்தராக நினைத்தோம், கிடைத்த பிறகும் சொல்லவில்லை. கிடைத்தவனுக்குச் சொல்ல வெட்கம், கிடைக்காதவனுக்குச் சொல்ல மனசில்லை. ஆனி மாசம் சேலத்திலிருந்து மோகனப்பிரியா முதலாளிக்குப் போன் பண்ணினாள். கோட்டுக்குக் கீழே இருக்கிற வரிக்கு அம்பு போக மாட்டேன் என்கிறது, மவுஸுக்கு மட்டும்தான் எட்டுகிறது, என் தப்புதான், கால் மணி நேரத்தில் சரி பண்ணிவிடுகிறேன் என்றாள். "அதெல்லாம் ஓடாத சரக்கு கண்ணு, அங்க அம்பு போச்சுன்னா அக்காவுக்குக் குழப்பம், அப்படியே இருக்கட்டும்," என்றார் அர்த்தநாரி. அவள் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்காமல் விட்டுவிட்டாள்.

தினமும் காலையில் வசந்தாமணி அந்தப் பெயரை அடித்தாள். தினமும் கிடைத்தது ஒன்று என்றது, தினமும் டொக் என்றது. "இன்னைக்காவது ஏதாச்சும் தெரியுதுங்களாண்ணா?" என்று தினமும் கேட்டாள். "கோடுதான் அம்மிணி," என்று தினமும் சொன்னார் சென்னியப்பன். மாரியம்மன் பண்டிகை வந்தது, ஆடிப் பதினெட்டு வந்தது, ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம், சென்னியப்பனின் சட்டைக் காலர் தொளதொளவென்று ஆகிக்கொண்டே வந்தது.

குடோன் கடைக்குப் பின்னால் ஒரு சந்து தள்ளி, பைபாஸை ஒட்டி இருந்தது. அங்கே கூப்பிட்டால் இங்கே கேட்காது. சாமான் வாங்கப் போனவர்கள் எல்லாரும் குழந்தைவேலுவைப் பார்த்தோம். அவருக்குப் பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, பேசத்தான் ஆள் வேண்டியிருந்தது. "எனக்குச் சீட்டுப் போட மாட்டேங்குறாளே, கோபமா இருக்காளா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் ஏன் வரவில்லை என்று கேட்பார். அதனால், "கொஞ்சம் கோபம்தான், பன்னண்டு வருசம் ஆச்சில்ல, ஆறட்டும்," என்றோம். "அப்ப ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்று ஒவ்வொருத்தரிடமும் ஒன்று சொல்லி அனுப்பினார். சொல்கிறோம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்து, சந்து முடிவதற்குள் விழுங்கினோம்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை சென்னியப்பனுக்குக் காய்ச்சல், கடைக்கு வரவில்லை. வசந்தாமணி வழக்கம்போல அடித்தாள், வழக்கம்போல டொக். கல்லா ஓரத்தில் நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருத்தர் பேரிங் வாங்க நின்றிருந்தார், ஊருக்குப் புதுசு.

"தம்பி, அந்த மவுஸை எடுத்துக் கீழ வரைக்கும் கொண்டுபோங்க. ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்கக்கா. ஒரு ஆளு படம் இருக்குது."

"ஆளா?"

"காக்கிச் சட்டை. வாய் ஒரு பக்கமாச் சிரிக்கிறாரு. ரேக் நாப்பத்தொண்ணு, அடித்தட்டுன்னு போட்டிருக்குது. யாருங்கக்கா, சரக்குல ஆளெல்லாம் வச்சிருக்கீங்க?"

நான் டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, கையில் பிடிக்கவும் இல்லை, டீ தரையில் ஓடியது. அவள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். ஓரமாகப் பார்த்து என் சட்டை நிறத்தைத் தெரிந்துகொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே, ஆச்சரியப்படவில்லையே என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் உங்க கையைப் புடிச்சு மவுஸ்ல வச்சுத் தட்டட்டுங்களாக்கா?" என்றார் டிரைவர்.

"வேண்டாந் தம்பி. ஏழு மாசமா இன்னொருத்தரு கையைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்."

போனை எடுத்து மோகனப்பிரியாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. "கண்ணு, மவுஸ் காட்டறதெல்லாம் கீபோர்டு சொல்லும்னியே. கோட்டுக்குக் கீழ அம்பு போவலையே."

"அது எனக்கு ஆனியிலயே தெரியும்க்கா. சரி பண்ணட்டுமான்னு கேட்டேன். ஓடாத சரக்கு, வேண்டாம்னுட்டாங்க."

"ஓடாத சரக்கா," என்றாள் வசந்தாமணி. "என்ன சரக்குன்னு நீ பாக்கலையா?"

"பாக்கலைக்கா."

"இப்பப் பண்ணு."

அந்தக் கால் மணி நேரத்தில் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. அர்த்தநாரி வந்தார், டோக்கன்காரர்கள் பந்தலிலிருந்து எழுந்து வந்தார்கள், சரோஜினி துடைப்பத்தோடு வந்து நின்றாள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வசந்தாமணி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் ஒரு தடவை அடித்து, "ஆச்சுக்கா," என்றது. அவள் பெயரை அடித்தாள். கீழ் அம்பைத் தட்டினாள்.

டிங்.

'குழந்தைவேலு. டிரைவர். ரேக் நாற்பத்தொன்று. அடித்தட்டு. இருப்பு ஒன்று,' என்றது பெட்டி, அதே குரலில். 'வந்த தேதி, சித்திரை பதினொன்று, வியாழக்கிழமை, காலை ஒன்பது ஐந்து.'

அதை அவள் மூன்று தடவை படிக்க வைத்தாள். மேல் அம்பு, கீழ் அம்பு, மேல் அம்பு, கீழ் அம்பு. மூன்று தடவையும் வியாழக்கிழமை என்றுதான் சொன்னது. அப்புறம் என்டர். சீட்டு வந்தது.

அவள் எழுந்தபோது வாசலில் சென்னியப்பன் நின்றிருந்தார், காய்ச்சலோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. செருப்புச் சத்தத்தில் அவள் கண்டுபிடித்தாள்.

"உங்களுக்கு என்னங்ணா தொலைஞ்சிருந்துச்சு? நீங்க ஒரு நாளும் என்னைத் தேடச் சொன்னதே இல்லையே."

"எதுவும் தொலையலம்மிணி."

"அப்பறம் ஏன்?"

அவர் அந்த இரண்டு விரலால் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ போயிட்டா பக்கத்து நாற்காலி காலியாயிரும்னு இருந்துச்சு," என்றார்.

அவள் அதற்குக் கோபப்பட்டிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் கை நீட்டி வழிகாட்ட வந்தபோது, "நீங்க வர வேண்டாங்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு சந்து வழியாகக் குடோனுக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். போகாமல் இருக்க முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை, குடோன் கதவுக்கு வெளியே, வெயிலில், ஏறக்குறைய நூறு பேர் நின்றோம்.

"கோபம் தீந்துதா புள்ளே?" என்று உள்ளேயிருந்து குழந்தைவேலுவின் குரல் கேட்டது.

"யாருக்கு யாரு மேல கோபம்?"

"உனக்குத்தான். கோபமா இருக்கேன்னு சொன்னாங்க. எத்தனை சொல்லி விட்டேன், ஒண்ணுக்குமே பதில் இல்ல."

"வந்த அன்னைக்கே தேடிட்டேன். தெனமும் தேடுனேன்," என்றாள் வசந்தாமணி. "நீங்க இல்லைன்னாங்க."

அவள் சீட்டை நீட்டியிருப்பாள், அவர் எழுந்திருக்கலாம், ஆனால் எழுந்த சத்தம் வரவில்லை. அவள் பட்டைகள் மேல் உட்காருகிற சத்தம்தான் வந்தது.

"என்ன சொல்லி விட்டீங்க?" என்றாள். "எல்லாத்தையும் சொல்லுங்க. யாருகிட்டச் சொன்னீங்கன்னும் சொல்லுங்க."

டிரைவர்களுக்கு வந்த வழி மறக்காது. எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர் என்று சொல்வது போல, முதல் நாளிலிருந்து வரிசையாக அவர் சொல்ல ஆரம்பித்தார். "சித்திரை பன்னண்டு, சரோஜினி. நான் வந்துட்டேன், சட்டை மட்டும் அழுக்கு, வேற ஒண்ணு கொண்டுட்டு வரச் சொல்லுன்னேன்." துடைப்பம் கீழே விழுகிற சத்தம் கேட்டது, சரோஜினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "பதினாலு, குரல் போன வாத்தியாரு. அவரால பேச முடியாதுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கச் சொன்னேன். கண்ணு எப்படி இருக்குது, யாருகிட்டக் காட்டுனேன்னு கேட்டு." வாத்தியார் போனார். "பதினஞ்சு, முதலாளி. அவளைத் திட்டாதீங்க, அவளுக்குத் திட்டுனா தலைவலி வந்துரும்னு." அர்த்தநாரி போகவில்லை, அங்கேயே கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். குழந்தைவேலு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். கதை கேட்கிற "ம்" இல்லை அது, வாங்கி வைத்துக்கொள்கிற "ம்." பெயர் வந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் போனார்கள். வெயில் சாயச் சாயக் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. என் பெயர் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும், அதற்கு முன்னாலேயே போய்விடலாம் என்று கால் சொன்னது, காது விடவில்லை.

"ஆடி முதல் வெள்ளி," என்றார் குழந்தைவேலு. "மாரப்பண்ணன். லோடுமேனுகளுக்கு டீ கொண்டுட்டு வந்தாரு. அவளுக்கும் இதே டீயா குடுக்கறீங்கன்னு கேட்டேன், ஆமான்னாரு. பாயசமாட்ட இருக்குது, அவ வேண்டாம்னு சொல்ல மாட்டா, மூஞ்சியைச் சுளிக்காமக் குடிச்சுருவா. சர்க்கரையைப் பாதியாக் குறைச்சு, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்க, நான் சொன்னேன்னு சொல்லிக் குடுங்கன்னு சொல்லி விட்டேன்."

இந்த முறை "ம்" வரவில்லை.

"சர்க்கரை கொறஞ்சுச்சுங்க," என்றாள் வசந்தாமணி. "இஞ்சியும் இருந்துச்சு. எப்படிங்ணா தெரிஞ்சுக்கிட்டீங்க, இதுதான் எனக்குப் புடிக்கும்னுகூடக் கேட்டேன். அவரு சிரிச்சுட்டு டம்ளரை எடுத்துக்கிட்டுப் போனாரு."

என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற சிமென்ட்டில் மெதுவாக நடந்தேன். சந்து முனை திரும்பும்போது, உள்ளே அவர் அடுத்த பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.